ரூட் சாருக்கு ஒரு பீரியட்

என் வீட்டுக்காரருக்குக் கணக்கு மறந்துபோய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மறந்தது மற்றதெல்லாம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாசலில் போய் நிற்பார். மாட்டியிருக்கும் சட்டைக்கு மேலேயே இன்னொரு சட்டையை மாட்டிக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளிடம் போனில் அரைமணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு, வைத்ததும் என்னிடம் திரும்பி, "யாருன்னு தெரியல, ஆனா ரொம்ப நல்ல பொண்ணு" என்பார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். ஆனால் ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்துங்கள். மனிதர் அப்படியே பழைய ஆள்தான்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி எதையெதையோ சொன்னார். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான். "வருஷக்கணக்கா பழகினது கடைசி வரைக்கும் இருக்கும்மா. கையே செஞ்சுடும். அந்த இடத்துலயே நின்னு புதுசா யோசிக்கிறதுதான் முதல்ல போகும்." நான் அதில் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன். பழகினது இருக்கும். அது போதும் என்று வீட்டுக்கு வந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியார்கள். நான் சின்ன வகுப்புகளுக்கு, அவர் பெரிய வகுப்புகளுக்கு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரூட் சார். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், பகா எண்களின் வர்க்கமூலம் என்று வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

விஷயம் இவ்வளவுதான். நான்கின் வர்க்கமூலம் இரண்டு, ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, ஒரு தொந்தரவும் இல்லை. ஏழுக்கு? இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே எங்கேயோ இருக்கிறது. எந்தப் பின்னத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அதில் சரியாக உட்காராது, கொஞ்சம் கூடும் அல்லது கொஞ்சம் குறையும். ஏழு மட்டுமில்லை, தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எல்லா எண்ணுக்கும் இதே கதிதான். அதை நிரூபித்துக் காட்டுவது பாடத்தில் ஒரு பக்கம். மற்ற வாத்தியார்கள் அந்தப் பக்கத்தை எழுதிப்போட்டு, "பரீட்சைக்கு வரும், மனப்பாடம் பண்ணுங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். இவர் அதை ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி நடத்துவார்.

"ஏழோட வர்க்கமூலம் ஒரு பின்னம்தான்னு ஒருத்தன் சத்தியம் பண்றான். சரிப்பா, நம்புவோம். மேல ஒரு எண், கீழ ஒரு எண். ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணும் கிடையாது, சுருக்க முடிஞ்ச வரைக்கும் சுருக்கியாச்சுங்கிறான். அதையும் நம்புவோம்." பிறகு இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துவார். மேலே இருக்கும் எண்ணின் வர்க்கத்தை ஏழு வகுக்கிறது. ஏழு பகா எண், அதனால் அந்த எண்ணையே ஏழு வகுத்தாக வேண்டும். இந்த இடத்தில் 'பகா எண்' என்ற வார்த்தைக்குக் கீழே சாக்பீஸ் ஒடிகிற அளவுக்கு ஒரு கோடு போடுவார். இன்னும் இரண்டு வரி போனால் கீழே இருக்கும் எண்ணையும் ஏழு வகுக்கிறது. பொதுவாக ஒன்றும் கிடையாது என்று சத்தியம் செய்த இரண்டு எண்களுக்கும் பொதுவாக ஏழு வந்து உட்கார்ந்திருக்கிறது. "மாட்டினான் பாத்தியா" என்று திரும்புவார். வகுப்பே சிரிக்கும். ஒரு நிரூபணத்துக்குப் பிள்ளைகள் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு உண்டு. "இப்போ நீங்க ஒரு பகா எண் குடுங்க, அதுக்கும் போடறேன்" என்பார். பிள்ளைகள் வேண்டுமென்றே பகா எண் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற எண்களைத் தேடிக்கொண்டு வருவார்கள். ஐம்பத்தொன்று, ஐம்பத்தேழு, தொண்ணூற்றொன்று. எண் காதில் விழுந்த அடுத்த நொடி இவர் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். "ஐம்பத்தேழா? மூணால போகும். உட்காரு திருடா." திட்டு வாங்கிய பிள்ளை பரிசு வாங்கின மாதிரி முகமெல்லாம் பல்லாக உட்காரும். அவரிடம் அப்படித் திட்டு வாங்காமல் அந்த வகுப்பைத் தாண்டிப்போவது பிள்ளைகளுக்கு ஒரு குறை.

இந்த வருஷம் அவர் அதே பாடத்தை முடிக்கவே இல்லை. முந்தைய நாள் நடத்தியதை மறுநாள் முதலிலிருந்து நடத்தினார். அதற்கு மறுநாளும். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் புதிதாகக் கேட்கிற மாதிரியே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அப்பா வீட்டில் நோட்டைப் புரட்டி, வாரம் முழுக்க ஒரே பாடம் இருப்பதைப் பார்த்துவிட்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டிருப்பேன்.

தலைமையாசிரியை மொழிப்பாடம் நடத்தி மேலே வந்தவர். கணக்கென்றால் காத தூரம். ஆனால் மனசு உள்ளவர். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் தெரியும் டீச்சர், நீங்களும் மறைக்க வேண்டாம். நான் ஒரு பீரியட் வந்து பின்னால உட்கார்றேன். நீங்களும் கூட வாங்க. நல்லபடியா போச்சுன்னா இந்த வருஷம் முடியற வரைக்கும் அவரை யாரும் தொட முடியாது, நான் பாத்துக்கறேன். இல்லேன்னா, அவரைப் பிள்ளைங்க முன்னாடி நிறுத்தறது நமக்கே நல்லா இல்ல."

"எந்தப் பாடம் மேடம்?"

"அவருக்குப் பிடிச்சதே நடத்தட்டும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. லீவு நாட்களில் இவரை நீங்கள் பார்க்க வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். "மணி ஆகலையா?" என்பார். "இன்னைக்கு லீவுங்க" என்பேன். தலையை ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி, "மணி ஆகலையா?" சாயங்காலத்துக்குள் குரல் தேய்ந்து, கண்ணில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் மட்டும்தான் எனக்குப் புருஷன் என்று ஒருத்தர் இருந்தார். அந்த ஒரு பீரியட் போனால் அவரும் போய்விடுவார். இதைச் சொல்ல எனக்கு டாக்டர் தேவையில்லை.

வீட்டில் எங்கள் இரும்பு அலமாரியின் கதவுதான் கரும்பலகை. துணிமணியை எடுக்கும்போதெல்லாம் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டும். அந்த வாரம் முழுக்க அதில் ஏழுக்கான நிரூபணத்தை எழுத வைத்தேன். ஒருநாளும் ஒரு வரி பிசகவில்லை.

"ஏழு மட்டும் போடுங்க. போட்டு முடிச்சதும் மேடத்துக்கு வணக்கம் சொல்லிட்டு நின்னுடுங்க. பிள்ளைங்ககிட்ட நம்பர் கேக்கற வேலையெல்லாம் இந்தத் தடவை வேண்டாம்."

"ஏன், கேட்டா என்ன? அதுதானே அதுங்களுக்குப் பிடிக்கும்."

"நேரம் இருக்காதுங்க."

"சரிங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு மாணவன் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "எதுக்கு இவ்வளவு தடவை எழுதச் சொல்றே, பரீட்சையா எனக்கு?" என்று கேட்டார். நான் துடைப்பத்தைத் தேடுவது போல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அன்றைக்குக் காலையில் சட்டை ஒன்றுதானா என்று இரண்டு முறை பார்த்து அனுப்பினேன். வகுப்பில் நானும் தலைமையாசிரியையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் வரிசை வரிசையாகத் தலைகள், எண்ணெய் வைத்து வாரி, வழக்கத்துக்கு மீறின ஒழுங்கோடு. ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்காக நாங்கள் வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த மாதிரி விஷயம் வாத்தியார்கள் அறையிலிருந்து வகுப்புக்குப் போகிற வேகத்தில் தபால் போனால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அவர் உள்ளே வந்தார். சாக்பீஸை எடுத்தார். நான் என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தேன்.

கவலைப்பட்டதெல்லாம் வீண். அப்படி ஒரு பீரியட்டை நான் பார்த்ததே இல்லை. சத்தியம் செய்கிறவன் வந்தான், நம்பினோம், வர்க்கப்படுத்தினோம், பகா எண்ணுக்குக் கீழே கோடு விழுந்தது, சாக்பீஸ் ஒடிந்தது, திருடன் மாட்டினான். தலைமையாசிரியையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "எனக்கே புரியற மாதிரி இருக்கே டீச்சர்" என்று என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. இந்த வருஷம் பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அவர் 'வாயாடி' என்று கூப்பிடும் பெண். நோட்டைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்க வந்தாரே ஒரு அப்பா, அவருடைய மகள்தான்.

"சார், இன்னைக்கு எங்க நம்பர் இல்லையா சார்?"

"பெல் அடிக்கப் போகுது" என்று நான் எழுந்து சொன்னேன். என் குரலை யார் கேட்டார்கள்? அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆகியிருந்தது. "குடு குடு, வாயாடி" என்று கையை நீட்டினார்.

"நூத்தி அறுபத்தொம்போது சார்."

வகுப்பில் அங்கங்கே களுக்கென்று சிரிப்பு. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இது ஒரு பொறியே இல்லை. ஐம்பத்தேழுக்காவது ஒரு நொடி யோசிக்க வேண்டும். இது பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் வருவது, என் சின்ன வகுப்புப் பிள்ளைகளே தூக்கத்தில் சொல்வார்கள். தலைமையாசிரியைக்கு முன்னால் சார் ஒரு தரம் திருடனைப் பிடித்துக் காட்டட்டும் என்று, பார்த்துப் பார்த்து, தடவிக்கொடுக்கிற மாதிரி ஒரு எண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாரும் 'உட்காரு திருடா'வுக்காகக் காத்திருந்தோம்.

அவர் கரும்பலகைக்குத் திரும்பினார். "நூத்தி அறுபத்தொம்போதோட வர்க்கமூலம் ஒரு பின்னம்னு ஒருத்தன் சத்தியம் பண்றான்" என்றார்.

சிரிப்பு நின்றது.

நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை எழுதிக்கொண்டே போயிற்று. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மேலே ஒரு எண், கீழே ஒரு எண். வர்க்கப்படுத்தினார். "நூத்தி அறுபத்தொம்போது பகா எண், அதனால" என்று கோடு போட்டார். சாக்பீஸ் ஒடிந்தது. ஒடிந்த துண்டு உருண்டு வாயாடியின் காலடியில் வந்து நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. கடைசியில், 'எனவே இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் பின்னமாக இல்லை' என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு, "மாட்டினான் பாத்தியா" என்று திரும்பினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் குழம்பியது. அப்போது ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பையன் சிரித்தான், சிரிப்பே இல்லாத ஒரு சிரிப்பு. அடுத்தவன் சேர்ந்துகொண்டான். பிறகு வகுப்பே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் குனிந்து, கரும்பலகையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். இரட்டைக் கோட்டைக்கூட விடவில்லை.

தலைமையாசிரியை கை தட்டினார். "பிரமாதம் சார். இவ்வளவு பெரிய நம்பரைக் குடுத்தும் அசரலையே நீங்க."

பெல் அடித்தது. இடைவேளைக்குப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே போனார்கள். தலைமையாசிரியை, "நான் வராந்தாவுல இருக்கேன், வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கை கழுவ மூலைக் குழாய்க்குப் போனார். வாயாடி மட்டும் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அவர் பிடிச்சிடுவார்னுதான் டீச்சர். கஷ்டமான நம்பர் வேண்டாம்னு எல்லாரும் சேர்ந்து யோசிச்சு, இருக்கறதுலயே சுலபமானதா எடுத்தோம். எங்கப்பாவாலதானே எல்லாம். அதான் நானே கேக்கறேன்னு சொன்னேன்."

"உன் தப்பு இல்லடா கண்ணு."

"மேடத்துக்குத் தெரியல டீச்சர். நாங்க யாரும் சொல்லமாட்டோம். வீட்டுலகூட சொல்லமாட்டோம். நோட்டுல இருக்கற அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடறோம். நீங்களும் சொல்லாதீங்க."

போ என்று தலையைத் தடவி அனுப்பினேன். பொய் சொல்லக் கூசுகிற ஆள் இல்லை நான். வேண்டுமானால் ஒரு வருஷத்துக்கு வாயைத் தைத்துக்கொண்டிருப்பேன். தலைமையாசிரியை வெளியே என் ஒரு தலையசைப்புக்குக் காத்திருந்தார், அதோடு முடிந்துவிடும். நாளைக்குக் காலையில் அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மணி ஆகலையா என்பார், ஆச்சுங்க கிளம்புங்க என்பேன். நான் அதைத்தான் செய்வதாக இருந்தேன். அவர் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அசந்துபோயிருக்கலாம் இல்லையா? கண்ணைக் காட்டினால் அட ஆமாம் என்று நெற்றியில் அடித்துக்கொள்வார் இல்லையா? அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் பக்கம் போனேன்.

அவர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை நிறைவு.

"என்னங்க, பதிமூணு பதிமூணு எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தொம்போது." கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

நான் பலகையைப் பார்த்தேன். அவரும் என் கண் போன பக்கமாகப் பார்த்தார். முதல் வரியில், ஒரு சாண் உயரத்துக்கு, அவர் கையெழுத்தில் அந்த எண் இருந்தது. அவர் அதை முழுதாகப் படித்தார். நான் காத்திருந்தேன். கடவுளே, என் வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் எனக்காக ஒரு கவலை இருந்தது.

"ஏம்மா, உனக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு மறந்துபோச்சா?" என்றார் மெதுவாக. ஈரம் போகாத கையால் என் தோளைத் தட்டினார். "பரவாயில்ல, பயப்படாதே. எதாவது மறந்தா என்னைக் கேளு."

நான் வராந்தாவுக்குப் போனேன். தலைமையாசிரியை சிரித்த முகமாக, "அப்போ சார் தொடரட்டும், என்ன டீச்சர்?" என்றார்.

"வேண்டாம் மேடம். அவர் கடைசியா போட்டது தப்பு. பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் எழுதிக்கிட்டாங்க. நாளைக்கு வேற யாரையாவது அனுப்பி அதை அழிச்சுட்டுச் சரியா நடத்தச் சொல்லுங்க" என்றேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர்" என்றார்.

பின்னாலேயே என் வீட்டுக்காரர் வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு சாக்பீஸ் துருத்திக்கொண்டிருந்தது.

"அடுத்த பீரியட் எனக்கு எந்த வகுப்பும்மா?"

"உங்களுக்கு ஃப்ரீ பீரியட்ங்க."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் ஃப்ரீதான்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.